பஸ்ஸில் போய் இறங்கி நடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் பஸ் ஏறி ஏதாவது ஒரு கிராமத்துப் பக்கம் இறங்குவது, வயல், கரடு, ஓடைக்கரை என்று நாலைந்து மணி நேரம் நடப்பது, வேறொரு ஊரில் பஸ் பிடித்து வீடு திரும்புவது. பல வருடங்களாக இது என் விடுமுறை நாள் வழக்கம். கேள்விப்பட்டவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். மலையேற்றம், கூடாரம் போட்டுத் தங்குவது எல்லாம் இதில் வராது. ஒரு பகல், ஒரு பை, இரண்டு பஸ் டிக்கெட். அவ்வளவுதான்.

கார் இல்லாமல் இதெல்லாம் சரிப்பட்டு வருமா?

இந்த நடைக்குக் கார்தான் சரிப்பட்டு வராது. காரை ஓரிடத்தில் நிறுத்தினால் எவ்வளவு நடந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். அதனால் காரில் வருகிறவர்கள் வட்டமடிக்கிறார்கள், இல்லை போன வழியே திரும்புகிறார்கள். பஸ்ஸில் போகிறவருக்கு அந்தக் கட்டு இல்லை. ஓர் ஊரில் இறங்கி, குன்றைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஊரில் ஏறிக்கொள்ளலாம். ஓர் ஆற்றை அதன் போக்கிலேயே 15 கி.மீ. தொடர்ந்து போகலாம்.

ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நேரம் உங்கள் கையில் இருக்காது. கீழே வரும் கேள்விகளில் பாதி சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

முதல் தடவை எத்தனை கிலோமீட்டர் போகலாம்?

ஏழெட்டு கி.மீ. போதும். “நான் தினமும் வாக்கிங்கிலேயே அஞ்சு போறேன்” என்பவருக்கும் இதே பதில்தான். தார் ரோட்டில் நடக்கும் ஐந்தும் வரப்பில் நடக்கும் ஐந்தும் ஒன்றில்லை. வரப்பில் ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டும். கல் உருளும் இறக்கத்தில் முழங்கால் வாங்கும் அடி மறுநாள்தான் தெரியும். இரண்டு மூன்று தடவை போன பிறகு 12, 15 என்று கூட்டிக்கொள்ளலாம்.

எங்கே நடப்பது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

எனக்குப் பழகிய முறை இது. வரைபடத்தை விரித்து முதலில் பஸ் போகும் ரோடுகளை மட்டும் பார்ப்பேன். ஒரு ரோடு ஆற்றுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் போகும். அல்லது ஒரே இடத்தில் பிரிந்த இரண்டு ரோடுகள் நடுவில் ஒரு குன்றை விட்டுவிட்டு விலகிப் போகும். அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டியது. ஒரு ரோட்டில் இறங்கி மற்றதில் ஏறுவதுபோல் நடுவில் ஒற்றையடிப் பாதையோ வண்டிப்பாதையோ இருக்கிறதா என்று தேடுவேன்.

கால்வாய்க் கரைகள் தொடக்கக்காரர்களுக்கு ரொம்ப நல்லது. தண்ணீர் மெல்ல இறங்கிப் போகும்படி வெட்டியிருப்பார்கள், ஆகவே ஏற்றம் இறக்கம் அதிகம் இருக்காது. வழி தவறுவதும் கஷ்டம். அதேபோல் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளத் தடங்களும். ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் அந்தத் தடமும் மெதுவாகத்தான் ஏறும்.

எந்த முனையிலிருந்து தொடங்கினால் நல்லது? இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. பஸ் குறைவாக வரும் முனையில் காலையில் இறங்கிவிட வேண்டும், பஸ் அடிக்கடி வரும் முனையை நோக்கி நடக்க வேண்டும். காலையில் நாளுக்கு மூன்றே பஸ் போகும் ஊருக்குப் போவதில் பிரச்சினை இல்லை. அந்த நேரத்துக்கு நாம் பஸ் நிலையத்தில் போய் நின்றால் போதும். சாயங்காலம் அப்படி முடியாது. கால் வலி, சேற்றுப் பாதை, நின்று பேசியது, எடுத்த படங்கள் என்று எதெதற்கோ அரை மணி போயிருக்கும். அப்போது இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் ரோட்டில் போய் நின்றால் கவலையே இல்லை.

இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூட பெரும்பாலான சிக்கல் வராது. வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், ஏற்றம் முதலில் வருமா கடைசியில் வருமா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

போனில் மேப்பைத் திறந்தால் அந்த ஊருக்குப் பஸ்ஸே இல்லை என்கிறது. நிஜமாகவே இல்லையா?

பெரும்பாலும் இருக்கும். மேப் ஆப்கள் தாமாகப் பஸ்ஸைக் கண்டுபிடிப்பதில்லை. பஸ் நடத்துகிறவர்கள் வழித்தடம், நிறுத்தம், நேரம் எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கோப்பாகக் கொடுத்தால்தான் அதில் காட்டும். அந்த வடிவத்துக்கு ஜிடிஎஃப்எஸ் என்று பெயர். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பும் கூகுளும் 2005-ல் சேர்ந்து தொடங்கியது அது. கோப்பே கொடுக்காத பஸ்கள் ஆப்பில் கிடையாது. ஒரு தடவை கொடுத்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்களின் பஸ், நின்றுபோன பிறகும் ஆப்பில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து.

ஆப்பைத் தொடக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பஸ் நிலையத்தின் நேரப் பலகையைப் படம் எடுங்கள். அதன் பிறகு அந்த வழித்தடத்தில் ஓடும் டிரைவரையோ கண்டக்டரையோ கேளுங்கள். மூன்றும் முரண்பட்டால் கண்டக்டர் சொல்வதை எடுத்துக்கொள்வேன்.

நேரப் பலகையில் பஸ் நேரத்தைத் தவிர என்ன பார்க்க வேண்டும்?

நாள். ஞாயிறு, பண்டிகை, பள்ளி விடுமுறை நாட்களில் கிராமத்துப் பஸ் நேரம் மாறும். சில பஸ்கள் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே ஓடுகின்றன. பள்ளி இல்லாத நாளில் அவை வராது. நமக்கோ விடுமுறை நாளில்தான் நடக்க முடிகிறது, சரியாகப் பிடிபடுவோம்.

நேரம் எந்த இடத்துக்கான நேரம் என்பதையும் பாருங்கள். பலகையில் 4.30 என்று இருந்தால் பெரும்பாலும் அது பஸ் கிளம்பும் இடத்தின் நேரம். நீங்கள் நிற்கும் நடு நிறுத்தத்துக்கு 4.50-க்கும் வரலாம், 5.05-க்கும் வரலாம். எதிர்த்திசையில் வரும் பஸ்ஸின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அது கடந்து போவதைப் பார்த்தால், அது போய்த் திரும்பி வர எவ்வளவு ஆகும் என்று கணிக்கலாம்.

கடைசி பஸ்ஸைப் பிடித்தால் போதாதா?

கடைசிக்கு முந்தின பஸ்ஸைக் கணக்கில் வையுங்கள். கடைசி பஸ் தவறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இதுதான் பாதிப் பதில். மீதியை முடிவில் சொல்கிறேன்.

இதில் ஒரு வலை இருக்கிறது. நான் விழுந்து எழுந்தது. ஒரு சின்ன ஊரின் பலகையில் கடைசிப் பஸ் 7.40 என்று இருந்தது. ஏழு மணிக்கே போய்த் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். 7.50-க்கு விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். டிரைவர் வண்டியைத் திருப்பி மரத்தடியில் ஓரமாக நிறுத்தினார், எஞ்சினை அணைத்தார், விளக்கை அணைத்தார், ஒரு பாயை எடுத்து உதறினார். அந்தப் பஸ் ராத்திரி அங்கேயே தங்கி விடிகாலையில்தான் கிளம்பும். நான் பார்த்த 7.40 ஊருக்குள் வரும் நேரம். திரும்பிப் போகும் கடைசிப் பஸ் ஆறு மணிக்கே போயிருந்தது. ஆகவே “கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேட்காதீர்கள். “இங்கிருந்து வெளியே போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?” என்று கேளுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எப்படிக் கணக்குப் போடுவது?

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்ன கணக்கு இன்றைக்கும் உதவுகிறது. 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 300 மீட்டர் ஏற்றத்துக்கு அரை மணி. அதாவது 100 மீட்டர் ஏறினால் பத்து நிமிடம் கூடும். ஆனால் அவர் நல்ல நடைக்காரர், கணக்கில் ஓய்வும் கிடையாது. நான் 5 கி.மீ.க்குப் பதிலாக 4 என்று வைத்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தின் மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் போடாமல் நேரத்தைத்தான் போடுவார்கள். அவர்களும் சமதரையில் மணிக்கு 4 கி.மீ.யைச் சற்றுத் தாண்டிய வேகத்தைத்தான் வைத்திருக்கிறார்கள், நிற்கும் நேரத்தைச் சேர்க்காமல்.

ஓர் உதாரணம். 12 கி.மீ. தூரம், மொத்தம் 300 மீட்டர் ஏற்றம். நடக்க மூன்று மணி, ஏற்றத்துக்கு அரை மணி, உட்கார்ந்து சாப்பிட, நின்று பார்க்க முக்கால் மணி. மொத்தம் நாலேகால். கடைசி பஸ் 6.15, அதற்கு முந்தினது 4.40 என்றால், 4.20-க்கு நிறுத்தத்தில் இருக்க வேண்டும். பின்னோக்கிப் போனால் 12.05-க்குள் நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படியானால் 10.30-க்குப் போய்ச் சேரும் காலைப் பஸ் சரி. 12.30-க்குப் போய்ச் சேரும் பஸ் வேண்டாம். எப்போதும் இப்படித் திரும்பும் பஸ்ஸிலிருந்து பின்னோக்கித்தான் போட வேண்டும்.

போன் இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். போனில் ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து நேரடியாகச் சமிக்ஞை வாங்குகிறது, டவர் இல்லாத இடத்திலும் நீங்கள் இருக்கும் புள்ளியைக் காட்டும். ஆனால் புள்ளிக்குப் பின்னால் படம் வேண்டுமே! அதை வீட்டிலேயே இறக்கி வைக்காவிட்டால் வெறும் வெள்ளைத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் தெரியும். 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஆப்களில் ஒற்றையடிப் பாதைகள் நிறைய இருக்கும். நடக்கிறவர்களே வரைந்து சேர்ப்பதால் அப்படி. ஓர் ஊரில் துல்லியமாக இருக்கும், அடுத்த ஊரில் ஒன்றுமே இருக்காது, அதற்கும் காரணம் அதுதான்.

காகிதத்தில் ஒரு நன்மை உண்டு: முழு வழியும் ஒரே பார்வையில் தெரியும். 1:50,000 அளவுப் படத்தில் 2 செ.மீ. ஒரு கி.மீ., 1:25,000 படத்தில் 4 செ.மீ. ஒரு கி.மீ. சம உயரக் கோடுகள் நெருக்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சாய்வு குறைவு. படம் கிடைக்காவிட்டால் போன் படத்தையே அச்செடுத்து, பஸ் நேரத்தைப் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் பஸ் நேரமாவது கையில் இருக்கும்.

வழி கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யாரை நம்புவது?

கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். “இது அந்த ஊருக்குப் போகுமா?” என்று கேட்டால் பாதிப் பேர் “போகும் போகும்” என்பார்கள். நம் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். “இந்தப் பாதை எங்கே போகும்?” என்று கேளுங்கள். தெரிந்தவர் ஊர் பேரைச் சொல்வார், தெரியாதவர் தெரியாது என்பார். தூரத்தைக் கேட்காதீர்கள். “பக்கம்தான்” என்பது அரை கி.மீ.யாகவும் இருக்கும், ஐந்தாகவும் இருக்கும். “நீங்க நடந்து போனா எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்டு, வருகிற பதிலோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆடு மாடு மேய்க்கிறவர்களைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. எந்த ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எந்த வேலியில் திறப்பு இருக்கிறது என்று அன்றைய நிலவரம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தவர் நிலத்தில் நடந்தால் திட்ட மாட்டார்களா? சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு வேறு. ஸ்வீடனில் வீட்டுச் சுற்றையும் பயிரையும் விட்டுவிட்டு, அடுத்தவர் நிலத்திலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஸ்காட்லாந்திலும் 2003-ல் வந்த சட்டம் கிட்டத்தட்ட அப்படியே. சுவிட்சர்லாந்தில் 1979-ல் மக்களிடம் வாக்கெடுத்து நடைவழிகளை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். இங்கிலாந்தில் சும்மா கிடைக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று சில நூறு பேர், பெரும்பாலும் நகரத்துத் தொழிலாளர்கள், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் தடையை மீறி ஏறினார்கள். நில முதலாளிகள் வேட்டைக்காகப் பூட்டி வைத்திருந்த இடம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மேட்டுநிலங்களில் பரவலாக நடக்கும் உரிமை 2000-ம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

உங்கள் நாட்டுச் சட்டம் எதுவானாலும் நடைமுறையில் சில விஷயங்கள் பொது. பயிரை மிதிக்காமல் வரப்பில் போங்கள். மூடியிருந்த படலை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். மாடு தண்ணீருக்குப் போகட்டும் என்றுகூடத் திறந்து வைத்திருப்பார்கள். ஆள் கண்ணில் பட்டால் ஒளியாமல் நேரே போய், எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடத்தில் என்னை இரண்டு தடவைதான் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் மாற்று வழியையும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

பையில் என்ன வைத்துக்கொள்வது?

தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் கணக்கில், வெயில் அதிகமென்றால் இன்னும் கூட. சாப்பாடு. மழைக்கு ஏதாவது. தொப்பி. டார்ச், பகல் நடையாக இருந்தாலும். விசில். துணிப் பிளாஸ்திரி. டிக்கெட்டுக்குச் சில்லறை. கிராமத்துப் பஸ்ஸில் பெரிய நோட்டை நீட்டினால் நாள் முழுக்கச் சேர்த்த நல்ல பேர் போய்விடும்.

தனியாக ஷூ வாங்க வேண்டுமா? சேற்றோடு பஸ்ஸில் ஏற விடுவார்களா?

அடியில் பிடிப்புள்ள, ஏற்கெனவே காலுக்குப் பழகிய எந்த ஷூவும் போதும். புது ஷூவோடு கிளம்புவதுதான் தப்பு. குதிகாலில் எங்காவது சுருக்கென்று உறுத்தினால் அந்த நிமிடமே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். “அடுத்த நிழலில் பார்க்கலாம்” என்று போனால் அதற்குள் கொப்புளம் எழும்பிவிடும்.

பையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். நிறுத்தத்தில் உட்கார்ந்து சேற்று ஷூவைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுச் செருப்போடு ஏறுங்கள். கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த தடவை அதே பஸ்ஸில் போகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

நாய் துரத்தினால்? மாடு முறைத்தால்?

நாயிடம் ஓடாதீர்கள், ஓடினால் அது துரத்தத்தான் செய்யும். நின்று, அதன் கண்ணை வெறிக்காமல், நாய் முன்னால் தெரியும்படியே மெல்ல நகருங்கள். அது காக்கும் வீட்டையோ மந்தையையோ தாண்டியதும் பெரும்பாலும் நின்றுவிடும். கடித்துவிட்டாலோ, தோல் கீறும்படி பல் பட்டாலோ, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரேபிஸ் வந்த பிறகு கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. வருவதற்கு முன் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். நடையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது.

மாட்டில் கன்றோடு இருப்பதுதான் கவனிக்க வேண்டியது. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள்.

அட்டை, உண்ணி ஒட்டிக்கொண்டால் உப்புப் போடலாமா, நெருப்பால் சுடலாமா?

இரண்டும் வேண்டாம். அட்டைக்கு, வாய் ஒட்டியிருக்கும் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும். அட்டையின் எச்சிலில் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால் அப்படி, பயப்பட வேண்டாம். கழுவி, அழுத்திப் பிடித்துத் துணி கட்டுங்கள்.

உண்ணி வேறு ரகம், நோய் பரப்பும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே இழுங்கள். எண்ணெய் தடவுவதும் சுடுவதும் அதைத் தொந்தரவு செய்து கடிவாயில் இன்னும் எச்சிலை விட வைக்கலாம். பிறகு சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நடுவழியில் இடி இடித்தால்?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கி.மீ. முப்பதுக்குள் வந்தால் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது என்று அர்த்தம், அது போதிய ஆபத்து. மேட்டிலிருந்தும் திறந்த வயலிலிருந்தும் இறங்கி, கட்டடத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போய்விடுங்கள். ஒற்றை மரத்தடி கூடவே கூடாது. மூன்று பக்கம் திறந்த நிழற்குடையும் மழைக்குத்தான் பாதுகாப்பு, மின்னலுக்கு இல்லை. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அந்த அரை மணியில் நீங்கள் குறிவைத்த பஸ் போய்விடலாம். முந்தின பஸ்ஸைக் கணக்கில் வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. நடுவில் ரோட்டைத் தொட்டுப் போகும் வழியாகப் பாருங்கள். பாதியில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தால், முடியாதவர்கள் அங்கே ஏறி முடிவிடத்துக்குப் போய்க் காத்திருக்கலாம், மற்றவர்கள் நடந்து வரலாம். கார் நடையில் இந்த வசதி இல்லை.

பிள்ளைகளுக்குக் கால் வலிப்பதற்கு முன்னால் சலிப்பு வந்துவிடும். நேரான ரோட்டில் ஒரு கி.மீ.யில் அழும் பிள்ளை ஓடைக்குள் மூன்று கி.மீ. கல் தாவிக்கொண்டே வரும். நேரக் கணக்கை மட்டும் இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள்.

நான் பெண், தனியாகப் போகலாமா?

என்னோடு நடந்து பழகி, பிறகு தனியே போகும் தோழி ஒருத்தி சொன்னதை அப்படியே தருகிறேன். முதல் தடவை அந்த வழியைத் துணையோடு நடந்துவிடு. தனியாகப் போகும்போது புது வழி வேண்டாம். எங்கே இறங்குகிறாய், எங்கே எத்தனை மணிக்கு ஏறுவாய் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போ, ஏறியதும் செய்தி அனுப்பு. வழியில் யாராவது “தனியாவா வந்தீங்க?” என்று கேட்டால் “பின்னால வர்றாங்க” என்று சொல், உண்மை பேசக் கட்டாயமில்லை. இருட்டிய பிறகு ஆளில்லாத நிறுத்தத்தில் நிற்கும்படி திட்டம் போடாதே, கடை இருக்கும் நிறுத்தமாகப் பார்.

செய்தி அனுப்பும் பழக்கம் ஆண்களுக்கும் வேண்டும் என்பது என் கட்சி.

இருபது பேராகப் போனால் ஜாலியாக இருக்குமே?

நடக்கும்போது ஜாலிதான். சாயங்காலம் சின்னப் பஸ்ஸில் இருபது பேர் ஏறப் பார்த்தால், சந்தைக்குப் போய் மூட்டையோடு திரும்பும் அந்த ஊர்க்காரருக்கு இடமில்லாமல் போகும். அவருக்கு அது ஒரே பஸ். ஆறேழு பேருக்கு மேல் என்றால் இரண்டு குழுவாகப் பிரிந்து வெவ்வேறு பஸ்ஸில் திரும்புங்கள்.

கொஞ்ச தூரம் மெயின் ரோட்டில் நடக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் நடப்பது?

எதிரே வரும் வண்டி உங்களுக்குத் தெரியும் பக்கம். வண்டிகள் இடதுபுறம் ஓடும் நாட்டில் வலது ஓரம், வலதுபுறம் ஓடும் நாட்டில் இடது ஓரம். ஒரே வரிசையில். குறுகிய வளைவு வந்தால், வளைவின் உட்பக்கத்தில் நிற்பவரை ஓட்டுநருக்குக் கடைசி நொடி வரை தெரியாது, ஆகவே முன்னதாகவே வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுங்கள்.

இருட்டப் போகிறதா இல்லையா என்று கடிகாரம் பார்க்காமல் தெரியுமா?

சூரியன் சாயும்போது கையை நீட்டி, விரல்களைக் கிடையாக, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே வையுங்கள். ஒரு விரல் சுமார் கால் மணி, நாலு விரல் ஒரு மணி. சூரியனை உற்றுப் பார்க்க வேண்டாம். குன்று மறைத்தால் இந்தக் கணக்கு உதவாது.

நிலநடுக்கோட்டுப் பக்கத்து நாடுகளில் சூரியன் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். வடக்கே தள்ளிப் போகப் போக அந்தி நீளும். அந்த ஊர்க்காரர்கள் எழுதிய நடைக் குறிப்பைப் படித்துவிட்டு “மறைந்த பிறகும் ஒரு மணி வெளிச்சம் இருக்கும்” என்று நம்பி மோசம் போகாதீர்கள்.

நிறுத்தமே இல்லாத இடத்தில் கை காட்டினால் நிற்குமா?

சில வழித்தடங்களில் நிற்கும், சிலவற்றில் நிறுத்தத்தில் மட்டும்தான். காலையில் இறங்கும்போதே கேட்டு வையுங்கள். நிற்கும் என்றால், வளைவிலும் மேட்டின் உச்சியிலும் நிற்காமல், டிரைவர் தூரத்திலேயே பார்த்து வேகம் குறைக்க இடமிருக்கும் நேர்ரோட்டில் நில்லுங்கள். சில ஊர்களில் நிறுத்தப் பலகை ஒரு பக்கம்தான் இருக்கும். இரண்டு திசைக்கும் அதுதான் அடையாளம், ஆனால் நீங்கள் உங்கள் திசைப் பக்கம் நிற்க வேண்டும். இருட்டியிருந்தால் டார்ச்சை டிரைவர் கண்ணில் அடிக்காமல் உங்கள் சட்டையின் மேல் அடித்துக்கொண்டு கையை ஆட்டுங்கள்.

கால் பிசகிவிட்டது, சிக்னலும் இல்லை. என்ன செய்வது?

முதலில் அவசர எண்ணை அடித்துப் பாருங்கள். பல நாடுகளில் அது 112. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், அங்கே வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அவசர அழைப்பு அதன் வழியே போகும். அதுவும் இல்லையென்றால் விசில். ஒரு நிமிடத்தில் ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. டார்ச்சிலும் இப்படியே. ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வகுத்த முறை இது. நிமிடத்துக்கு மூன்று தடவை பதில் வந்தால், கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்த அந்தத் துண்டுச்சீட்டும் இப்போதுதான் உதவும்.

எல்லாம் சரி, கடைசி பஸ்ஸும் போய்விட்டது. இப்போது?

குறுக்கு வழி தேடி இருட்டில் வயலுக்குள் இறங்காதீர்கள். முதலில் நிறுத்தத்துக்கு எதிரே விளக்கு எரியும் கடையிலோ வீட்டிலோ போய்க் கேளுங்கள். பலகையில் இல்லாத பஸ் ஒன்று இருக்கலாம், ஆலைத் தொழிலாளர் வண்டி வரலாம், பக்கத்து ஊர் வரை யாராவது போகலாம். அடுத்து, அதே இடத்தில் நிற்பதா, பெரிய ரோட்டுக்கு நடப்பதா என்று யோசியுங்கள். கிளை ரோட்டில் பஸ் ஆறு மணிக்கு நின்றாலும் அது போய்ச் சேரும் பெரிய ரோட்டில் பத்து மணி வரை ஓடும். மூன்று நான்கு கி.மீ. என்றால் தார் ரோட்டிலேயே டார்ச்சோடு நடந்துவிடலாம். அதற்கு மேல் என்றால் வாடகை வண்டிதான். அதற்கான பணத்தைத் தனியாக மடித்து வைத்திருக்க வேண்டும்.

பாய் உதறிய அந்த டிரைவர் என்னிடம் சொன்னதும் இதுதான். “மெயின் ரோட்டுக்கு அஞ்சு கிலோமீட்டர், ஒன்பதரைக்கு ஒரு வண்டி இருக்கு, இப்ப கிளம்பினா பிடிச்சிடலாம்.” மணி எட்டு ஆகியிருந்தது. ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஒன்பது நாற்பத்தைந்துக்கு வந்தது, உட்கார இடமில்லை.